டிரையம்ப் ஸ்பிட்ஃபயர்

டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்பது இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட சிறிய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர் மட்டுமே அமரலாம். மேற்கூரை துணியால் ஆனது. வெயில் அடித்தால் மடக்கிவிடலாம். பதினெட்டு ஆண்டுகளில் ஐந்து வடிவங்களில் 3,14,000-க்கும் அதிகமான கார்கள் விற்பனைக்கு வந்தன. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய புகழ்பெற்ற போர் விமானத்தின் பெயரே இதற்கும் வைக்கப்பட்டது.

இந்தக் காரைப் பற்றிப் படிப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இதன் அடிச்சட்டம், அதாவது மெக்கானிக்குகள் சேஸி என்று சொல்லும் பகுதி, ஸ்போர்ட்ஸ் காருக்காக உருவாக்கப்பட்டதே அல்ல. ஹெரால்டு என்ற சாதாரணக் குடும்பக் காருக்காகச் செய்த சட்டத்தை வெட்டிக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயரைக் கட்டினார்கள். காரின் நன்மைகளும், பல ஆண்டுகள் அதைத் துரத்திய ஆபத்தான குறை ஒன்றும் அந்தச் சட்டத்தோடு சேர்ந்தே வந்தன. சென்னையை அடுத்த வண்டலூர், பெருங்களத்தூர் பகுதியில் ஓடிய தொழிற்சாலையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அதே சட்டத்தின் மேல் நின்ற கார்தான். அதைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

ஹெரால்டு ஏன் பழைய முறைக்குத் திரும்பியது?

கோவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம், நொடித்துப்போன டிரையம்ப் நிறுவனத்தை 1944-இல் விலைக்கு வாங்கியது. டிரையம்பின் தொழிற்சாலை 1940-ஆம் ஆண்டு ஜெர்மானியக் குண்டுவீச்சில் ஏற்கெனவே அழிந்திருந்தது. ஸ்டாண்டர்டுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரு நல்ல பெயர்தான். போருக்குப் பிறகு அந்தப் பெயரில் டிஆர் வரிசை ஸ்போர்ட்ஸ் கார்கள் வந்து அமெரிக்காவில் நன்றாக விற்றன.

1950-களில் கார் தொழிலில் பெரிய மாற்றம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதற்கு முன்பு லாரிகளைப் போலவே கார்களுக்கும் அடிச்சட்டம் தனி, அதன்மேல் பொருத்தும் கூடு தனி. புதிய முறையில் தகடுகளை அழுத்தி வளைத்து, பற்றவைத்து, ஒரே பெட்டியாகச் செய்தார்கள். பெட்டியே எடையைத் தாங்கும். தனிச் சட்டம் தேவையில்லை. எடை குறையும், உறுதி கூடும். ஆனால் அப்படிப்பட்ட முழுக் கூட்டைச் செய்ய மிகப் பெரிய அழுத்து இயந்திரங்கள் வேண்டும். ஸ்டாண்டர்டு நிறுவனத்திடம் அவை இல்லை. தன் சிறிய கார்களுக்கான கூடுகளை அது ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற நிறுவனத்திடம் வாங்கி வந்தது.

1953-இல் அந்த நிறுவனத்தைப் போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிவிட்டது. அடுத்த காருக்குக் கூடு எங்கிருந்து வரும் என்பது ஸ்டாண்டர்டின் பெரிய கவலையாகிவிட்டது. முழுக் கூட்டைச் செய்து தரக்கூடிய வேறு ஆளும் கிடைக்கவில்லை. பொறியியல் தலைவர் ஹாரி வெப்ஸ்டர் கண்ட வழி, எல்லோரும் கைவிட்டுக்கொண்டிருந்த தனிச் சட்டத்துக்கே திரும்புவது. கூட்டைப் பல துண்டுகளாகப் பிரித்து, வெவ்வேறு சிறு பட்டறைகளில் செய்து வாங்கி, சட்டத்தின் மேல் போல்ட் போட்டு முடுக்கிவிடலாம். 1959-இல் வந்த டிரையம்ப் ஹெரால்டு இப்படித்தான் பிறந்தது. அதன் தோற்றத்தை வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரைச் சேர்ந்த ஜொவான்னி மிக்கெலொட்டி.

வேறு வழியில்லாமல் எடுத்த முடிவுதான். ஆனால் அதில் எதிர்பாராத ஒரு வசதி இருந்தது. சட்டம் தனியாக இருப்பதால் மேலே எந்தக் கூட்டை வேண்டுமானாலும் வைக்கலாம். ஒரே சட்டத்தில் குடும்பக் கார், திறந்த கார், பின்கதவு வைத்த எஸ்டேட் கார் என்று வகைவகையாகச் செய்தார்கள். ஸ்போர்ட்ஸ் கார் மட்டும் பாக்கி இருந்தது.

தூசிப் போர்வைக்குள் இருந்த கார்

1958-இல் போட்டி நிறுவனம் ஆஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் என்ற குட்டி ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. முகப்பு விளக்குகள் பானெட்டின் மேல் துருத்திக்கொண்டிருந்ததால் அதற்குத் தவளைக்கண் என்று செல்லப்பெயர். இளைஞர்கள் வாங்கக்கூடிய விலை, நல்ல விற்பனை. டிரையம்ப் சும்மா இருக்க முடியவில்லை. ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கி அதன்மேல் ஓர் அழகான கூடு வைக்கலாம் என்று மிக்கெலொட்டியிடம் சொன்னார்கள். 1960-இல் மாதிரிக் கார் ஒன்று தயாரானது. நிறுவனத்துக்குள் அதற்கு வைத்திருந்த மறைபெயர் ‘பாம்’, அதாவது வெடிகுண்டு.

வெடிகுண்டு வெடிக்கவில்லை. நிறுவனத்தின் கையில் பணம் இல்லை. ஹெரால்டுக்காகக் கொட்டிய முதலீடு திரும்பி வருவதற்குள் நட்டம் பெருகி, மாதிரிக் காரின் மேல் போர்வையைப் போட்டு ஒரு மூலையில் தள்ளிவிட்டார்கள்.

1961-இல் ஸ்டாண்டர்டு-டிரையம்ப் நிறுவனத்தை லேலண்டு மோட்டார்ஸ் வாங்கியது. லாரியும் பேருந்தும் செய்த நிறுவனம் அது. எண்ணூரில் உள்ள அசோக் லேலண்டின் பெயரில் இருக்கும் லேலண்டும் அதுவே. வாங்கிய சொத்தில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்க வந்த லேலண்டு அதிகாரிகள் அந்தப் போர்வையை விலக்கிப் பார்த்தார்கள். லேலண்டு தரப்பிலிருந்து வந்து பொறுப்பேற்ற ஸ்டான்லி மார்க்லண்டுக்குக் கார் பிடித்துப்போனது. சட்டமும் என்ஜினும் ஏற்கெனவே உற்பத்தியில் இருப்பவை. புதிதாகச் செலவு செய்ய வேண்டியது கூட்டுக்கு மட்டும். லாரிக்காரர்கள் கணக்குப் பார்த்து உடனே சரி என்றார்கள். 1962 அக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் ஸ்பிட்ஃபயர் மக்கள் முன் வந்தது.

காரின் அமைப்பு

ஹெரால்டில் இரு சக்கர அச்சுகளுக்கும் இடையே இருந்த தூரம் 2.32 மீட்டர். ஸ்பிட்ஃபயரில் அது 2.11 மீட்டராகக் குறைந்தது. நடுவே முதுகெலும்பு போல ஓடும் இரண்டு இரும்புச் சட்டங்களை வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் நீண்டிருந்த சட்டங்களை நீக்கிவிட்டார்கள். அவற்றின் வேலையைக் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற தகடுகள் ஏற்றுக்கொண்டன. அதனால்தான் இன்றும் பழைய ஸ்பிட்ஃபயரை வாங்க வருபவர்கள் முதலில் குனிந்து கதவின் அடிப்பகுதியில் துரு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறார்கள்.

காரின் நீளம் 3.68 மீட்டர். எடை சுமார் 710 கிலோ. நான்கு சிலிண்டர் கொண்ட 1147 சிசி என்ஜின் 63 குதிரைத்திறன் தந்தது. முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக். மணிக்கு ஏறத்தாழ 148 கிலோமீட்டர் வேகம் போகும். அப்போதைய ஸ்பிரைட்டில் கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்க முடியாது. துணியும் பிளாஸ்டிக்கும் கலந்த மறைப்பைத்தான் மாட்ட வேண்டும். ஸ்பிட்ஃபயரில் சாதாரணக் கார் போலக் கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை ஏற்றலாம். மழை மிகுந்த இங்கிலாந்தில் இது சிறிய விஷயமல்ல.

ஹெரால்டிலிருந்து வந்த இன்னொரு நன்மை பானெட். முகப்பு விளக்குகள், மட்கார்டுகள் உட்பட முன்பகுதி முழுவதும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் ஊர் டாக்டரிடம் ஒரு ஹெரால்டு இருந்தது. டிரைவர் பானெட்டைத் திறந்தால் போதும், முதலை வாயைப் பிளந்ததுபோல் என்ஜின் முழுவதும் வெளியே தெரியும். சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்க்காமல் நாங்கள் போனதில்லை. ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்கள் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு ரிப்பேர் பார்க்கலாம். வீட்டிலேயே வேலை பார்க்க விரும்பும் கார்ப்பிரியர்கள் இதை இன்றுவரை விட்டுக்கொடுக்காததற்கு இது முக்கியக் காரணம். திருப்பும் வட்டமும் மிகச் சிறியது, சுமார் 7.3 மீட்டர் விட்டத்துக்குள் காரை முழுதாகத் திருப்பிவிடலாம்.

பின்சக்கரக் கோளாறு

இனி அந்தக் குறைக்கு வருவோம். பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே உறுதியான அச்சில் கோத்துவிடுவது பழைய வழக்கம். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சாயும். ஹெரால்டில் சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும்படி செய்தார்கள். டிஃபரன்ஷியலைச் சட்டத்தோடு இறுக்கிவிட்டு, அதன் இருபுறமும் ஓர் அரை அச்சு. ஒவ்வோர் அரை அச்சிலும் உள்முனையில் மட்டும் ஒரு யுனிவர்சல் ஜாயின்ட். சக்கரத்தருகே மடங்கும் மூட்டு இல்லை. மேலே குறுக்காக ஒரே ஓர் அடுக்குப் பட்டை வில். லாரியின் பின்பக்கம் பார்த்திருப்பீர்களே, அதே வகைதான். மலிவான, எளிய அமைப்பு. இதற்கு ஊசலாடும் அச்சு என்று பொருள்படும் ஸ்விங் ஆக்சில் என்று பெயர்.

இதன் ஆபத்தைப் புரிந்துகொள்ளக் கருவி ஒன்றும் வேண்டாம். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நேராக நீட்டுங்கள். மணிக்கட்டை மடக்கி விரல்கள் தரையைப் பார்க்கும்படி வையுங்கள். உங்கள் தோள்தான் ஜாயின்ட், கை அரை அச்சு, உள்ளங்கை சக்கரம். மணிக்கட்டின் மடிப்பு மாறக் கூடாது. இப்போது கைகளை மெல்லத் தாழ்த்துங்கள். விரல் நுனிகள் உடலை நோக்கி உள்ளே வருகின்றன அல்லவா? காரின் பின்பகுதி மேலே எழும்பும்போது சக்கரங்களுக்கு நடப்பதும் இதுவே.

சாலை வளைவில் வேகமாகத் திரும்பும் ஓட்டுநர், வேகம் கூடிவிட்டதே என்று பயந்து ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எடை முன்பக்கம் சாய்கிறது; பின்பகுதி எழும்புகிறது. வளைவின் வெளிப்பக்கப் பின்சக்கரம் உள்நோக்கி மடங்கி, டயரின் ஓரம் மட்டுமே தரையைத் தொடுகிறது. அது காரை மேலும் உயர்த்த, சக்கரம் மேலும் மடங்குகிறது. பிடிப்பு போய்ப் பின்பகுதி சுழன்றுவிடும். அனுபவம் இல்லாத ஓட்டுநர் இயல்பாகச் செய்யும் காரியமே அவரைக் கவிழ்க்கும் என்பதுதான் இதிலுள்ள கொடுமை.

குடும்பத்தோடு நிதானமாகப் போகும் ஹெரால்டில் இந்த நிலை எளிதில் வராது. இளைஞர்கள் வளைவுகளில் விரட்டி ஓட்டுவதற்கென்றே விற்ற காரில் வரும். டிரையம்ப் மட்டும் இந்தத் தவற்றைச் செய்யவில்லை. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலிலும் ஸ்விங் ஆக்சில் இருந்தது. அமெரிக்காவில் ஷெவர்லே கோர்வேர் காரின் இதே அமைப்பைக் கண்டித்து ரால்ஃப் நேடர் 1965-இல் எழுதிய புத்தகம் நாட்டையே உலுக்கியது. ஆனாலும் ஸ்பிட்ஃபயரின் முதல் மூன்று வடிவங்களும் பழைய அமைப்போடுதான் வந்தன. 1970 இறுதியில் வந்த நான்காம் வடிவத்தில்தான் திருத்தம் நடந்தது.

அந்தத் திருத்தம் வியப்பளிக்கும் அளவுக்கு எளிமையானது. அதுவரை பட்டை வில்லின் எல்லா அடுக்குகளையும் டிஃபரன்ஷியலின் மேல் அசையாமல் இறுக்கியிருந்தார்கள். புதிய முறையில் ஓர் அடுக்கை மட்டும் இறுக்கிவிட்டு, மற்றவை நடுவில் தராசுக்கோல் போல ஆடும்படி விட்டார்கள். கார் ஒரு பக்கம் சாயும்போது வில் எதிர்த்து நிற்காமல் விட்டுக்கொடுக்கும். சக்கரத்தை உள்ளே மடக்கும் விசை தளர்ந்துவிடும். சாய்வைத் தாங்கும் வேலையை முன்பக்கம் இருந்த தடித்த கம்பி பார்த்துக்கொண்டது. எட்டு ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டிய வேலை இது என்று எனக்குத் தோன்றவில்லை. கார் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது, கணக்கு இடித்திருக்கும். வேறு காரணம் என்ன சொல்ல?

லெ மான் பந்தயம்

பிரான்சில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஸ்பிட்ஃபயர்களை இறக்கியது டிரையம்ப். கூரை மூடிய, பின்புறம் சரிந்த தனிக் கூடு, இலகுவான உடல், மாற்றியமைத்த என்ஜின். நேர்ச்சாலையில் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டின. 1964-இல் மூன்று கார்களில் ஒன்று மட்டும் பந்தயத்தை முடித்தது. 1965-இல் நான்கில் இரண்டு முடித்து, மொத்த வரிசையில் 13-ஆம், 14-ஆம் இடங்களைப் பிடித்தன. 13-ஆம் இடம் வந்த காரை ஓட்டியவர்கள் ஜான் ஜாக் தூனே, சிமோ லாம்பினன். 1150 சிசிக்கு உட்பட்ட பிரிவில் அதற்கே முதலிடம். பந்தயக் காரின் சரிந்த கூரையை ஒட்டி, ஆறு சிலிண்டர் என்ஜினுடன் 1966-இல் ஜிடி6 என்ற கார் வந்தது. கூடுதல் சக்தி வந்ததும் பின்சக்கரக் குறை இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. அமெரிக்கப் பத்திரிகைகள் வறுத்தெடுத்தன. 1968-இல் அந்தக் காருக்கு மட்டும் வேறு நல்ல பின் அமைப்பைக் கொடுத்தார்கள். மலிவான ஸ்பிட்ஃபயருக்கு அப்போதும் கிடைக்கவில்லை.

அடுத்தடுத்த வடிவங்கள்

முதல் காரின் பெயர் ‘ஸ்பிட்ஃபயர் 4’. இந்த நான்கு சிலிண்டர்களின் எண்ணிக்கை; நான்காம் வடிவம் என்று பலர் குழம்புவதுண்டு. 1965-இல் வந்த இரண்டாம் வடிவத்தில் சக்தி 67 குதிரைத்திறன் ஆனது. 1967-இன் மூன்றாம் வடிவத்தில் 1296 சிசி என்ஜின், 75 குதிரைத்திறன், எளிதில் மடக்கும் துணிக்கூரை ஆகியவை வந்தன. அமெரிக்க விதிப்படி முன்பம்பரை உயர்த்தியதில் அது காரின் வாயில் குறுக்கே கவ்விய எலும்பு போல ஆகிவிட்டது. நான்காம் வடிவத்துக்கு மிக்கெலொட்டி முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் புதிதாக வரைந்து கொடுத்தார். அதிகம் விற்றது கடைசியாக வந்த 1500 தான், 95,829 கார்கள். மணிக்கு 160 கிலோமீட்டரை எட்டிய ஒரே ஸ்பிட்ஃபயரும் அதுவே. ஆனால் அமெரிக்காவுக்குப் போனவற்றில் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் என்ஜினின் மூச்சைப் பிடித்ததால், ஓட்டம் முந்தையவற்றைவிட மந்தமாகிவிட்டது.

இந்த என்ஜினின் மூலம் 1953-இல் ஸ்டாண்டர்டு எயிட் காரில் வந்த 803 சிசி என்ஜின். அதைத்தான் 948, 1147, 1296, கடைசியில் 1493 சிசி என்று இழுத்துக்கொண்டே போனார்கள். அடிப்படை ஒன்றே, கொள்ளளவு ஏறத்தாழ இரு மடங்கு. 1493 சிசி வடிவத்தில் கிராங்க் தண்டின் பேரிங்குகள் சீக்கிரம் தேய்ந்ததில் வியப்பில்லை. 1968-இல் லேலண்டும் பிரிட்டிஷ் மோட்டாரும் இணைந்து பிரிட்டிஷ் லேலண்டு ஆனபோது, ஸ்பிட்ஃபயரும் அதன் போட்டியாளரான எம்ஜி மிட்ஜெட்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆயின. 1974-இல் மிட்ஜெட்டுக்கும் இந்த 1493 சிசி என்ஜினையே பொருத்தினார்கள். எம்ஜி அன்பர்கள் இதை இன்னும் மன்னிக்கவில்லை.

சென்னையில் ஹெரால்டு

ஸ்பிட்ஃபயர் இந்தியாவில் தயாராகவில்லை. அதன் மூத்த உறவான ஹெரால்டு 1961 முதல் இங்கே ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தால் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரிக்கப்பட்டது. முதலில் 948 சிசி, பிறகு ஸ்பிட்ஃபயரில் இருந்த அதே 1147 சிசி குடும்ப என்ஜின். துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கும் அமைப்பு, பெரிய அழுத்து இயந்திரங்கள் இல்லாத நாட்டுக்குப் பொருத்தமாக இருந்தது. இங்கிலாந்தில் ஹெரால்டின் குடும்பக் காருக்கு இரண்டு கதவுகள்தாம். நான்கு கதவு வைத்த ஹெரால்டு சென்னையில் மட்டுமே உருவானது.

1970-களின் தொடக்கத்தில் அதன் இடத்துக்கு வந்த ஸ்டாண்டர்டு கெஸலில், ஸ்விங் ஆக்சிலை எடுத்துவிட்டு உறுதியான ஒரே அச்சைப் பொருத்தினார்கள். கோவென்ட்ரிக்காரர்கள் வில்லை ஆடவிட்டுச் சமாளித்தார்கள் என்றால், சென்னைப் பொறியாளர்கள் ஊசலாடும் அச்சே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்தன. கெஸல் 1977-இல் நின்றது.

உற்பத்தி முடிவு

1975-இல் பிரிட்டிஷ் லேலண்டை அந்நாட்டு அரசு ஏற்க வேண்டியதாயிற்று. பழைய சட்டத்தின் மேல் நின்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காருக்கு வாரிசு தேடப் பணமும் இல்லை, மனமும் இல்லை. மிட்ஜெட் 1979 இறுதியில் நின்றது. கோவென்ட்ரியின் கேன்லி தொழிற்சாலையிலிருந்து 1980 ஆகஸ்டில் கடைசி ஸ்பிட்ஃபயர் வெளிவந்தது. மஞ்சள் நிறம், துணிக்கூரையோடு கழற்றி மாட்டும் கெட்டிக் கூரையும் உண்டு. அந்தக் காரை யாருக்கும் விற்கவில்லை. வார்விக்ஷயரில் கெய்டன் என்ற ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது.